கழிவுக் காகிதம், செல்லுலேஸ், ட்வீன் 80: போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே ரிசல்ட். எங்கே தப்பு?

காகிதச்சிட்டு:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி செமஸ்டர். கழிவுக் காகிதத்தை செல்லுலேஸ் நொதியால் சர்க்கரையாக உடைப்பதும், அதில் ட்வீன் 80 போன்ற சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரி, ஒரு முனை நீரை விரும்பி மறுமுனை வெறுக்கும் பொருள்) சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதும்தான் ப்ராஜெக்ட். படித்த கட்டுரைகளில் எல்லாம் ட்வீன் 80 சேர்த்தால் சர்க்கரை கூடுகிறது என்றே இருக்கிறது. எனக்கு இரண்டு மாதமாக, ட்வீன் போட்ட குடுவையும் போடாத குடுவையும் ஒரே மாதிரிதான் வருகின்றன. இரண்டுமே மோசம்.

செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டிபார்ட்மென்ட் ஜெராக்ஸ் அறையில் கிடந்த ஏ4 தாள்களைக் கிழித்து, ராத்திரி முழுக்க ஊற வைத்து, மிக்ஸியில் அடித்தேன். பிழிந்து ஹாட் ஏர் அவனில் 105 டிகிரியில் காய வைத்து எடை போட்டேன். 100 மி.லி. சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), 0.05 மோலார், பி.எச். 4.8. அதில் 5 கிராம் காகிதம். டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் செல்லுலேஸ், ஒரு கிராம் காகிதத்துக்கு 40 எஃப்.பி.யு. (நொதியின் செயலை அளக்கும் அலகு). ட்வீன் 80 கால் கிராம். 50 டிகிரி, 150 ஆர்.பி.எம்., 48 மணி நேரம். சர்க்கரையை, நிறத்தை வைத்து அளக்கும் டி.என்.எஸ். முறையில், 540 நானோமீட்டரில் பார்த்தேன்.

இன்னொன்று, பஃபரில் காகிதம் போட்டதும் பொங்கி நுரைக்கிறது. ட்வீன் என்றால் நுரைக்கத்தான் செய்யும் என்று அதைக் கண்டுகொள்ளவில்லை. கைடு மேடம் தலைப்பையே மாற்றிக்கொள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். யாராவது வழி சொல்லுங்கள்.

நொதிமேசை:

ட்வீன் போடாத குடுவையிலும் நுரை வந்ததா? காகிதம் போட்ட பிறகு பி.எச். பார்த்தீர்களா?

காகிதச்சிட்டு:

போடாததிலும் வந்தது அக்கா. பி.எச். பஃபர் தயாரிக்கும்போது மட்டும்தான் பார்த்தேன். இப்போது போய் ஃபிரிட்ஜில் இருந்த சாம்பிளில் எலக்ட்ரோடை வைத்துப் பார்த்தேன். 6.7 காட்டுகிறது. கை நடுங்குகிறது.

கூழ்ப்பட்டறை:

பயப்படாதம்மா. அது ட்வீன் நுரை இல்லை, சுண்ணாம்பு.

நான் காகித ஆலையில் கூழ்ப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஏ4 தாள் வெறும் நார் இல்லை. வெள்ளையாகவும் வழவழப்பாகவும், மறுபக்கத்து எழுத்து தெரியாமலும் இருக்க ஃபில்லர் என்ற நிரப்புப் பொடி போடுவோம். முன்பு ரோசினும் படிகாரமும் போட்டு அமில முறையில் காகிதம் செய்த காலத்தில் சுண்ணாம்பு போட முடியாது, கரைந்துவிடும். அப்போது களிமண்தான். கார முறைக்கு மாறிய பிறகு கால்சியம் கார்பனேட் வந்துவிட்டது. எழுதும் தாளிலும் பிரின்டிங் தாளிலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஃபில்லர் இருப்பது சாதாரணம்.

உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டருக்கு 50 கிராம் தாள் என்றால் 10 கிராம் சுண்ணாம்பு, அதாவது 0.1 மோல். அதை முழுக்கக் கரைக்க 0.2 மோல் அமிலம் வேண்டும். உன் 0.05 மோலார் சிட்ரேட், பி.எச். 4.8-இல், இன்னும் விட்டுக்கொடுக்கக்கூடிய அமிலம் 0.07 மோல்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு! பஃபர் முதல் பத்து நிமிஷத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். நீ பார்த்த நுரை கார்பன் டை ஆக்சைடு.

வீட்டிலேயே சோதிக்கலாம். தாளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, பூதக்கண்ணாடியில் பார். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். செய்தித்தாளிலும் விட்டுப் பார், வித்தியாசம் தெரியும்.

நொதிமேசை:

கூழ்ப்பட்டறை ஐயா சொன்னதுதான் முதல் காரணம். டிரைக்கோடெர்மா நொதிக்கு 4.8 முதல் 5 வரைதான் வசதி. 6.7-இல் அது பெயருக்குத்தான் வேலை செய்யும். அந்த நிலையில் ட்வீன் என்ன செய்ய முடியும்?

ஆனால் பி.எச்.ஐச் சரிசெய்தாலும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு ட்வீனின் பலனைப் பார்ப்பது கஷ்டம். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் பிஎச்.டி.யில் ஒரு வருஷம் இழந்தது இங்கேதான்.

சர்ஃபாக்டன்ட் நொதியை வேகப்படுத்துவதில்லை. நொதி வீணாகப் போவதைத் தடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

நொதி எங்கே வீணாகிறது? முதல் இடம் லிக்னின், மரத்தில் நார்களை ஒட்ட வைத்திருக்கும் பொருள். செல்லுலேஸ் செல்லுலோஸைப் பிடித்துக்கொள்ளத் தன் உடம்பிலேயே ஒரு பிடிப்புப் பகுதியை வைத்திருக்கிறது. அதன் முகப்பில் இருக்கும் டைரோசின் போன்றவை நீரை வெறுப்பவை. லிக்னினும் அப்படித்தான். இரண்டும் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் நொதி எளிதில் திரும்பி வராது. ட்வீன் முந்திக்கொண்டு லிக்னினில் போய் உட்கார்ந்துவிட்டால், அதன் பாலிஆக்ஸிஎத்திலீன் வால்கள் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நொதிக்கு அங்கே ஒட்ட இடம் கிடைக்காது. 2002-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் ஸ்ப்ரூஸ் மரத்தை வைத்துச் செய்த வேலையில் இந்த விளக்கம்தான் முன்வைக்கப்பட்டது.

ஏ4 தாள் வெளுத்த ரசாயனக் கூழில் செய்தது. அதில் லிக்னினே கிட்டத்தட்ட இல்லை. இல்லாத லிக்னினை ட்வீன் எப்படி மறைக்கும்? செய்தித்தாள் அப்படியில்லை. மரத்தை இயந்திரத்தில் அரைத்த கூழ் என்றால் மரத்தின் லிக்னின் பெரும்பாலும் அப்படியே உள்ளே இருக்கும். செய்தித்தாளை வெயிலில் போட்டால் இரண்டே நாளில் மஞ்சளாகிறதே, அந்த மஞ்சளுக்குக் காரணம் இந்த லிக்னின்தான். 1981-இல் பெர்க்லியில் காஸ்டனோன், வில்க் இருவரும் ட்வீன் 80-ஐச் சோதித்தது செய்தித்தாளில்தான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது இடம், காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பு. 150 ஆர்.பி.எம்.மில் இரண்டு நாள் ஆட்டினால் அந்தப் பரப்பு புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அங்கே வந்து மாட்டும் நொதி மூலக்கூறு விரிந்து கெட்டுப்போகும். ட்வீன் அந்த இடத்தையும் முதலில் பிடித்துக்கொள்கிறது. இது லிக்னின் இல்லாத தாளிலும் நடக்கும். அதனால் வாட்மேன் வடிதாளில் தனியாக ஒரு ஜோடிக் குடுவை போடுங்கள். அங்கே வரும் லாபம் லிக்னினால் வந்ததாக இருக்க முடியாது.

இப்போது 40 எஃப்.பி.யு. விஷயம். அவ்வளவு நொதி ஊற்றினால் பாதி வீணாகிப் போனாலும் மீதியே வேலையை முடித்துவிடும். கிராமுக்கு 5-க்கு இறக்குங்கள். 5, 10, 20 என்று மூன்று அளவில் ட்வீனோடும் ட்வீன் இல்லாமலும் செய்து, 6, 24, 48, 72 மணி நேரத்தில் சாம்பிள் எடுங்கள். குறைந்த அளவில் இடைவெளி பெரிதாகவும், கூடிய அளவில் இரண்டு கோடுகளும் நெருங்கியும் வர வேண்டும்.

கடைசியாக, அந்த 105 டிகிரி அவன். அதில் காய வைத்த கூழையேவா நொதிக்குப் போட்டீர்கள்?

காகிதச்சிட்டு:

ஆமாம் அக்கா. எடை துல்லியமாக இருக்க வேண்டும் என்று.

கூழ்ப்பட்டறை:

ஐயோ. நார் ஒரு தடவை சுண்டக் காய்ந்தால் உள்ளே இருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். மறுபடி ஊற வைத்தாலும் முழுசாகத் திறக்காது. ஆலையில் இதை ஹார்னிஃபிகேஷன் என்போம், கொம்பு மாதிரி இறுகிவிடுவது. மறுசுழற்சிக் காகிதம் ஒவ்வொரு சுற்றிலும் வலு குறைய இதுவும் ஒரு காரணம். உன் நொதி மூலக்கூறு நுழைய வேண்டிய சந்தெல்லாம் அடைபட்டிருக்கும்.

ஈரக் கூழாகவே போடு. அதிலிருந்து ஒரு கைப்பிடி தனியாக எடுத்துக் காய வைத்து ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள், மற்றதற்குக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஈரக் கூழை ஃபிரிட்ஜில் ரொம்ப நாள் வைக்காதே, பூஞ்சை வந்துவிடும்.

மணல்மேடு:

குறுக்கே ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். துணி துவைக்கும் பவுடரிலேயே செல்லுலேஸ் இருக்கிறது, சர்ஃபாக்டன்ட்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றனவே. அப்படியானால் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் போதாதா? ட்வீன் விலை அதிகம்.

நொதிமேசை:

நல்ல கேள்வி. இரண்டு விஷயம் இருக்கிறது.

பாத்திர லிக்விடில் இருப்பது எதிர்மின் சர்ஃபாக்டன்ட். எஸ்.டி.எஸ். குடும்பத்து ஆள். புரதத்தைக் குலைப்பதற்கென்றே ஜெல் ஓட்டும் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்துவது அதைத்தான். டிரைக்கோடெர்மா நொதி அதைத் தாங்காது. சி.டி.ஏ.பி. போன்ற நேர்மின் வகையும் பெரும்பாலும் இடைஞ்சல்தான். மின்னூட்டம் இல்லாதவைதான் உதவுகின்றன: ட்வீன் 20, ட்வீன் 80, பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைகள். டிரைட்டான் எக்ஸ்-100 வேலை செய்யும். ஆனால் அது சிதைந்தால் ஆக்டைல்ஃபீனால் வரும், அது உயிர்களின் ஹார்மோன் இயக்கத்தைக் கெடுப்பது. ஐரோப்பாவில் 2021 ஜனவரியிலிருந்து தொழிலில் அதைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

துணிப் பவுடரில் வரும் செல்லுலேஸ் வேறு இனம். ஹ்யூமிகோலா இன்சோலென்ஸ் போன்ற பூஞ்சைகளிலிருந்தும் பேசில்லஸிலிருந்தும் எடுத்தது. காரத்தையும் டிடர்ஜென்டையும் தாங்குவதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன் வேலை பருத்தித் துணியில் எழும்பி நிற்கும் பிசிறை வெட்டுவது. துணியைச் சர்க்கரையாக்குவது இல்லை, ஆக்கினால் சட்டை மிஞ்சாது.

மணல்மேடு:

நன்றி அக்கா. அப்படியானால் பூந்திக்கொட்டை? சீயக்காய்? சப்போனின் இயற்கையான சர்ஃபாக்டன்ட்தானே.

நொதிமேசை:

சப்போனினை நானும் யோசித்திருக்கிறேன். தேயிலை விதைச் சப்போனினை இந்த வேலைக்குச் சோதித்திருக்கிறார்கள், சுத்தப்படுத்திய சப்போனினுக்கு இடம் இருக்கிறது. ஆனால் கொட்டையை ஊறவைத்த தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் சர்க்கரையும் சேர்ந்து வரும், டி.என்.எஸ். அதையும் சேர்த்து எண்ணிவிடும். சீயக்காய்ச் சாறு போன்றவற்றில் டானின் வந்தால் அது புரதத்தைப் பிடித்து வீழ்படிவாக்கும், நம் நொதியும் புரதம்தான். சாறு மட்டும், சாறும் நொதியும், நொதி மட்டும் என்று குடுவைகள் வைத்துச் செய்தால் செய்யலாம். இந்தப் ப்ராஜெக்ட்டில் நேரம் இருக்காது. அடுத்தவருக்கு அருமையான தலைப்பு.

அளவுகுடுவை:

டி.என்.எஸ். பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். காகிதச்சிட்டு, உங்கள் பிளாங்க், அதாவது ஒப்பிட்டுக் கழிக்க வைத்த குடுவை, என்ன?

காகிதச்சிட்டு:

பஃபர் மட்டும் அண்ணா.

அளவுகுடுவை:

போதாது. விற்பனைக்கு வரும் நொதிக் கரைசல் பலவற்றில் அதைக் கெடாமல் வைக்கச் சர்க்கரை வகைகள் கலந்திருக்கும், தயாரிப்பில் மிஞ்சிய குளுக்கோஸும் இருக்கும். 40 எஃப்.பி.யு. ஊற்றினால் அந்தச் சர்க்கரையே ஒரு கணிசமான நிறத்தைக் கொடுக்கும். நொதி மட்டும் ஒரு பிளாங்க், நொதி இல்லாத காகிதம் ஒரு பிளாங்க், இரண்டிலும் ட்வீனோடு ஒன்று, ட்வீன் இல்லாமல் ஒன்று. ஸ்டாண்டர்டு கோட்டையும் அதே அளவு ட்வீன் கலந்த பஃபரில் போடுங்கள். செய்தித்தாளுக்குப் போனால் மை மிதக்கும், அதில் இருப்பது கார்பன் கறுப்பு. சென்ட்ரிஃப்யூஜில் நன்றாகச் சுற்றி, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். கொஞ்சம் கலங்கினாலும் 540-இல் பொய் எண் வரும்.

முடிந்தால் குளுக்கோஸைத் தனியாக அளங்கள். ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. கிட் போதும், எச்.பி.எல்.சி. வேண்டியதில்லை. டிரைக்கோடெர்மா நொதியில் கடைசிப் படியில் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் குறைவு, அதனால் பாதி வழியில் செல்லோபயோஸாக (இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை) தேங்கி, அது முன்னால் போகும் நொதியையே முடக்கும். டி.என்.எஸ். எண்ணும் குளுக்கோஸ் எண்ணும் ரொம்ப விலகினால் தேக்கம் என்று அர்த்தம். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பீட்டா குளுக்கோசிடேஸ் கொஞ்சம் சேருங்கள்.

இந்த கிட்டில் ஒரு பொறி உண்டு. கிருமி வராமலிருக்க சோடியம் அசைடு போட்டிருந்தால், அது கிட்டில் உள்ள பெராக்சிடேஸைத் தடுக்கும். சாம்பிளை நன்றாக நீர்த்து, ஸ்டாண்டர்டிலும் அதே அளவு அசைடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்.பி.யு. என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்த அளவே காகிதத்தால் ஆனது. வாட்மேன் 1-ஆம் எண் வடிதாள், 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம், 50 மில்லிகிராம். ஒரு மணி நேரத்தில் அதிலிருந்து 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வர எவ்வளவு நொதி தேவை என்பதுதான் அடிப்படை. 1987-இல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக் வெளியிட்ட அந்த முறையை எழுதியவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் டி.கே. கோஸ். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். புது பாட்டில் வாங்கினால் லேபிளை நம்பாமல் ஒரு நாள் செலவழித்து நீங்களே எஃப்.பி.யு. போட்டுக்கொள்ளுங்கள்.

கூழ்ப்பட்டறை:

இவ்வளவு நேரம் உதவினேன், இப்போது மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நாரைச் சர்க்கரையாக்குவது எனக்கு வயிற்றெரிச்சல். பழைய பேப்பர் கடையில் கிலோ போட்டு வாங்கும் செய்தித்தாளை மறுபடி காகிதமாக்கலாம். நாங்களும் சர்ஃபாக்டன்ட் போடுகிறோம். கொழுப்பு அமில சோப்பு போட்டு, காற்று ஊதி, மையை நுரையோடு மேலே ஏற்றி வழித்தெடுப்போம். நுரை கறுப்பாக வழிந்து போகும், அடியில் நார் வெளுத்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கணக்கும் உதைக்கிறது. 100 கிலோ செய்தித்தாளில் பாதி செல்லுலோஸ் என்று வை. 50 கிலோவிலிருந்து, தண்ணீர் சேருவதால், அதிகபட்சம் 55 கிலோ குளுக்கோஸ். அதிலிருந்து எத்தனால் 28 கிலோ, அதாவது 36 லிட்டர். அதுவும் ஒரு துளி வீணாகாவிட்டால். கிராமுக்கு 0.05 கிராம் ட்வீன் என்றால் இதற்கு 5 கிலோ ட்வீன் வேண்டும். 36 லிட்டர் சாராயத்துக்கு 5 கிலோ ட்வீன் யார் போடுவார்கள்?

நொதிமேசை:

ஐயா, இந்தக் கணக்கை எத்தனை ஆய்வுக்கட்டுரைகள் போடாமல் விட்டிருக்கின்றன தெரியுமா? அதனால்தான் ட்வீனை லிட்டருக்கு இவ்வளவு என்று சொல்லாமல் காகிதத்தின் கிராமுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று நான் சண்டை போடுவேன். 0.05 கிராம் ஆய்வகத்து வழக்கம், அவ்வளவுதான். 0.01, 0.02 என்று இறக்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு ட்வீன் எவ்வளவு நொதியை மிச்சப்படுத்துகிறது என்பதுதான் கேள்வி. 10 எஃப்.பி.யு. செய்த வேலையை 5 எஃப்.பி.யு.வும் கொஞ்சம் ட்வீனும் செய்தால், மிச்சமான நொதியின் விலைக்கு எதிரே ட்வீனை நிறுத்தலாம். மலிவான பாலிஎத்திலீன் கிளைக்காலும் அதே வேலையைச் செய்கிறது. லிக்னினில் ஒட்டாத நொதி கரைசலிலேயே இருப்பதால், அடுத்த சுற்றுக்கு மீட்டெடுக்கவும் வழி இருக்கிறது.

நார் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். காகிதமாகக் கூடியதைக் காகிதமாக்குவதே சரி. ஆனால் சுற்றிச் சுற்றி வந்து நீளம் போன நார், வலையில் நிற்காமல் கழிவுநீரோடு போகிறதே, அந்தச் சேறு?

கூழ்ப்பட்டறை:

அது நியாயம். அந்தச் சேறு எங்களுக்கே தலைவலி, கொட்ட இடம் தேட வேண்டும். குட்டை நார், களிமண், சுண்ணாம்பு எல்லாம் கலந்து கிடக்கும். அதை வைத்து ஏதாவது செய்தால் கும்பிடுவேன். ஆனால் சுண்ணாம்பு ஏ4 தாளைவிட அதிகமாக இருக்கும், இந்தப் பொண்ணு பட்ட பாட்டை முதல் நாளே படுவீர்கள். கந்தக அமிலம் போட்டு அடக்கினால் ஜிப்சம் படியும். யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

அளவுகுடுவை:

நொதி மீட்பைப் பார்க்க, சாயம் சேர்க்கும் பிராட்ஃபோர்டு முறையில் புரதம் அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்ஃபாக்டன்ட் அந்தச் சாயத்தோடு விளையாடும். புரதத்தை விட்டுவிட்டு, மேல் தெளிவில் எவ்வளவு நொதிச் செயல் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

வடகரை:

இந்த டிரைக்கோடெர்மா ரீசி பூஞ்சையின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மட்கி விழுந்தன. சாலமன் தீவுக்கூட்டத்தின் பூகன்வில் தீவில் மட்கிய பருத்தியிலிருந்து எடுத்த பூஞ்சைதான் அதன் மூல வகையான க்யூ.எம்.6ஏ. மாசசூசெட்ஸில் நாட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மேண்டெல்ஸும் அதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். கூடாரத்தைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, 1970களில் பழைய செய்தித்தாளைச் சர்க்கரையாக்கும் வேலையாகத் திரும்பியது. ரீஸின் பெயர்தான் ரீசி. பூஞ்சை வளரும்போது ட்வீன் 80 சேர்த்தால் நொதி அதிகம் வெளியே வருகிறது என்று 1969-இலேயே எழுதியவரும் ரீஸ்தான்.

காகிதச்சிட்டு (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

செய்தித்தாளுக்கு மாறினேன். பளபளப்பான இணைப்புப் பக்கங்களை எடுத்துவிட்டேன். அமிலச் சொட்டு விட்டுப் பார்த்ததில் அங்கங்கே லேசாகக் குமிழி வந்தது. அதனால் கூழை முதலில் நீர்த்த அமிலத்தில் கலக்கி, பி.எச். 4.8-இல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும்வரை பார்த்து, அதற்குப் பிறகுதான் பஃபரில் போட்டேன். ஹாட் ஏர் அவன் பக்கமே போகவில்லை. ட்வீனை நொதிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஊற்றினேன். நொதி கிராமுக்கு 5 எஃப்.பி.யு.

24 மணி நேரத்தில் ஷேக்கரைத் திறந்து இரண்டு குடுவையையும் சாய்த்துப் பார்த்தேன். ட்வீன் போடாதது இன்னும் இட்லி மாவு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து, திரும்பி வர நேரம் எடுத்தது. ட்வீன் போட்டது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடியது. ஓரத்தில் கறுப்பு மை தனியாக வளையம் கட்டியிருந்தது. லேபில் யாரும் இல்லை, நான் மட்டும் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்கு வீடியோ அனுப்பினேன். தலைப்பு மாறவில்லை.

20 எஃப்.பி.யு.வில் இரண்டு குடுவையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன, அக்கா சொன்னபடி. வாட்மேனில் சின்ன வித்தியாசம் இருக்கிறது, அது காற்றுப் பரப்பா என்று பார்க்க ஆட்டாமல் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். மூன்றாவது முறை செய்து முடித்த பிறகு எண்களை இங்கேயே போடுகிறேன், இப்போதே போட்டால் தப்பாகிவிடும்.

ஒரு சந்தேகம். இந்தச் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் விடப் போகிறோம். ட்வீன் ஈஸ்ட்டைக் கொல்லுமா?

நொதிமேசை:

கொல்லாது. காற்று இல்லாமல் வளரும் ஈஸ்ட்டால் ஓலியிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாது, அதற்கென்றே எர்கோஸ்டெராலோடு, ஓலியிக் அமிலம் கொண்ட ட்வீன் 80-ஐ ஊட்டுவது பழைய வழக்கம். அசைடு போட்டிருந்தால்தான் ஈஸ்ட் சாகும். அந்தக் குடுவைகளை ஈஸ்ட்டுக்கு எடுக்காதீர்கள், தனியாக வையுங்கள்.

கூழ்ப்பட்டறை:

வீடியோவை இங்கேயும் போடும்மா. அப்புறம், குடுவை அடியில் மிஞ்சும் கறுப்புச் சேற்றைக் கொட்டிவிடாதே. கழுவி, காய வைத்து, 525 டிகிரியில் எரித்துச் சாம்பல் எடை பார். சாம்பலாக நிற்கும் ஃபில்லர் எவ்வளவு, எரிந்து போன லிக்னினும் மீந்த நாரும் சேர்ந்து எவ்வளவு என்று அங்கேதான் தெரியும்.

காகிதச்சிட்டு:

மஃபிள் ஃபர்னஸ் வியாழக்கிழமை கிடைக்கிறது ஐயா. பதினெட்டுக் குடுவைச் சேற்றையும் லேபிள் ஒட்டி எடுத்து வைத்துவிட்டேன்.